பத்துக்கு எத்தனை?

"ஏதாவதுன்னா இத அமுக்குங்க சார். பேசாதீங்க. பேசினா பட்டை நழுவிரும்."

சிவப்புப் பொத்தான் வைத்த சுவிட்சை என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு, அந்தப் பெண் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். தாடைக்கடியில் ஒரு பட்டை, பிடரிக்கடியில் ஒரு பட்டை. இரண்டும் தலைக்கு மேலே ஓர் இரும்புச் சட்டத்தில் மாட்டியிருக்கும். சட்டத்திலிருந்து கிளம்பும் கயிறு தலைமாட்டில் நிற்கும் பெட்டிக்குள் போகும். பெட்டி 'ங்ங்' என்று முனகினால் கயிறு விறைக்கும்; தலை உடம்பிடம் சொல்லிக்கொண்டு புறப்படுகிற மாதிரி இருக்கும். பத்து எண்ணுவதற்குள் மனசு மாறித் தளர்ந்துவிடும். மறுபடி முனகல். 7 கிலோ, 15 நிமிடம், 10 நாள்.

வாய் திறக்க முடியாது, தலை திருப்ப முடியாது. மேலே ஒரு மின்விசிறி, போன மழைக்கு ஊறிய கறை. கண்ணை மட்டும் வலப்பக்கம் தள்ளினால் சுவரில் ஆளுயரக் கண்ணாடி தெரியும். நோயாளிகள் நேராக நிற்கப் பழகுவதற்காக வைத்தது. அதில் மூன்று கட்டிலும் வாசல் பெஞ்சும் அடக்கம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் முப்பது வருசம் கணக்கு எழுதியவன் நான். சேர்ந்தாற்போல் 15 நிமிடம் ஒருத்தருக்கும் பதில் சொல்லாமல், பார்த்துக்கொண்டு மட்டும் கிடந்தது இந்தக் கட்டிலில்தான்.

பிசியோதெரபி நடக்கிற இடம் முதல் மாடி. கீழே நூல் கடை. ஏறி வர 21 படி. இடுப்பு வலிக்காரர்கள் வந்துபோகிற இடத்தை மாடியில் வைக்க ஒரு தைரியம் வேண்டும். வாடகை குறைச்சல் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதில் ஒரு சௌகரியம். ஆள் தெரிவதற்கு முன்பே நோவு தெரிந்துவிடும். கால் வலிக்காரர் நல்ல காலை முதலில் வைத்து, நொந்த காலை அதே படிக்கு இழுத்துக்கொள்வார். ஒரு படிக்கு இரண்டு சத்தம். கழுத்து வலிக்காரர் சாதாரணமாகத்தான் ஏறுவார். மேலே வந்ததும் யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல், வண்டி திரும்புகிற மாதிரி உடம்போடு திரும்புவார். நானும் அப்படித்தான் திரும்புகிறேன் என்பது கண்ணாடியில் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பெண் திருநெல்வேலிப் பக்கம். படிப்பு முடித்து வந்து ஆறேழு மாதம் இருக்கலாம். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். டாக்டரம்மா, மேடம், பாப்பா, அம்மிணி. எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்க்கிறாள். கையில் அட்டை, காதில் பேனா. ஒவ்வொரு கட்டிலிலும் முதல் கேள்வி ஒன்றேதான்.

"இன்னைக்கு வலி பத்துக்கு எத்தனை போடுவீங்க?"

சுவரில் அதற்கான படமும் இருக்கிறது. சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடியும் ஆறு வட்டங்கள். வலியே இல்லையென்றால் சைபர், தாங்கவே முடியாதென்றால் பத்து. முதல் நாள் என்னிடம் கேட்டபோது "அஞ்சு" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. கணக்கு இடித்தால் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவைப்போமே, அந்த மாதிரி நடுவில் ஒன்றைப் போட்டுவைத்தேன். ஒரு நாள் டம்ளரை எடுக்கும்போது வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எனக்குச் சொந்தமில்லாதது போல் இருந்தன, டம்ளர் விழுந்தது. இன்னொரு நாள் செக்கில் கையெழுத்துப் போட்டேன், பேங்கில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இதெல்லாம் பத்துக்கு எத்தனை?

பக்கத்துக் கட்டிலில் ஓவர்லாக் டெய்லர் ஒரு அக்கா. நாற்பதைத் தொடவில்லை. கழுத்தில் சுடு ஒத்தடப் பையோடு குப்புறப் படுத்திருப்பார். ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டரை வரை, ஊசியையும் கத்தியையும் பார்த்துக் குனிந்த தலை. பீஸ் ரேட்டில் நிமிர்ந்து பார்க்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு வருகிறார்.

"அக்கா, பத்துக்கு எத்தனை?"

"நாலுங்."

பெண் 4 என்று எழுதினாள். மறுநாள் கேட்டதற்கு "மூணரைங்" என்றார். "நல்லா கொறையுதே" என்று சந்தோசப்பட்டாள் பெண். அக்கா முகம் தெரியவில்லை, தலையணை ஓட்டையில் புதைந்திருந்தது. மூன்றாம் நாள் "மூணே வருதில்லீங் பாப்பா" என்று குரல் உடைந்தது. "ரெண்டே முக்கால்னு போடுதேன், சரியா?" என்று சிரித்துக்கொண்டே எழுதினாள். அட்டையில் பார்த்தால் அபாரமான முன்னேற்றம்.

பட்டைக்குள் கிடந்த எனக்கு ஏதோ இடித்தது. குறைந்து வருகிற எண்ணைச் சொல்கிறவர் குரல் ஏன் இப்படி இறங்குகிறது? அந்த நேரம் பார்த்து அக்கா பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார்: "ஒரு நாளைக்குப் பத்துக் கட்டு ஓட்டுவனுங்ணா. போன மாசம் வரைக்கும் ஓட்டினேன். இப்ப நாலாவது கட்டுலயே புடிச்சுக்குது. இன்னிக்கு மூணாவது கட்டு முடிக்கறதுக்குள்ள கையெல்லாம் மதமதன்னு ஆயிப்போச்சு."

பத்துக் கட்டு. கணக்குப்பிள்ளைக்கு விளங்காமல் போகுமா? கட்டிங்கில் வெட்டிய துணி கட்டுக் கட்டாகத்தான் மெஷினுக்கு வரும். பத்துக்கு எத்தனை என்று கேட்டால், பத்துக் கட்டில் எத்தனையாவது கட்டில் வலி வந்தது என்பதைத்தானே ஒரு டெய்லர் சொல்ல முடியும்? எண் குறையக் குறைய வலி கூடுகிறது. அட்டை தலைகீழாக ஓடிக்கொண்டிருக்கிறது.

சொல்ல வாயெடுத்தேன். தாடைப் பட்டை அனுமதிக்கவில்லை. 'ங்' என்று பெட்டிக்குப் போட்டியாக ஒரு சத்தம்தான் வந்தது. கையில் சிவப்புப் பொத்தான் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அமுக்கினேன். முனகல் நின்றது. பெண் ஓடிவந்தாள்.

"என்ன சார், தல சுத்துதா? வலிக்கா?"

பட்டையைக் கழற்றியதும் நான் சொன்ன முதல் வார்த்தை "கட்டு." அவளுக்கு இன்னும் பயம். மெதுவாக விளக்கிச் சொன்னேன். அட்டையை எடுத்துப் பார்த்தாள். 4, 3½, 2¾. பேனாவால் மூன்றையும் ஒரே கோடாக அடித்தாள். அக்காவிடம் போய் மண்டியிட்டு உட்கார்ந்து, முகம் புதைந்த ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து ஏதோ கேட்டாள். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எண் எதுவும் எழுதவில்லை. அக்காவை மறுபடி டாக்டரிடம் அனுப்பினாள். எனக்கு மீதி ஒன்பது நிமிடம் பாக்கி. திரும்பவும் கட்டிவிட்டாள்.

அறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு தொங்குகிறது. கம்பியில் மாட்டிய முருங்கைக்காய் மாதிரி லேசான வளைவு. யாராவது சின்னப் பிள்ளைகள் வந்தால் பிடித்து ஆட்டிவிடும். அதில் கீழிருந்து இரண்டாவது ஜவ்வுக்கு மட்டும் சிவப்புப் பூச்சு. காத்திருந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 23 ஜவ்வு. வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக ஒரு வளையம், அதன் நடுவே நுங்கு போல ஒரு கூழ். வளையத்தில் விரிசல் விட்டால் நுங்கு பிதுங்கும். பிதுங்கின இடத்தில் நரம்பு போனால் கையிலோ காலிலோ சேதி தெரியும். ஊரில் இதற்கு டிஸ்க் பல்ஜ் என்றும் சொல்கிறார்கள், ஜவ்வு விலகிருச்சு என்றும் சொல்கிறார்கள், தட்டு நகர்ந்துருச்சு என்றும் சொல்கிறார்கள். தட்டு நகர்வதும் கிடையாது, விலகுவதும் கிடையாது, பிதுக்கம்தான் என்று அந்தப் பெண் நாளைக்கு நாலு தடவையாவது சொல்கிறாள். கேட்டுக்கொண்டு, படியிறங்கும்போது போனில் "தட்டு நகந்துருச்சாமா" என்கிறார்கள்.

கழுத்தில் முதல் எலும்புக்கும் இரண்டாம் எலும்புக்கும் நடுவே ஜவ்வே கிடையாது. 'மாட்டேன்' என்று தலையை இடவலமாக ஆட்டுகிறோமே, அதில் கிட்டத்தட்டப் பாதி அந்த மூட்டில்தான் நடக்கிறதாம். அங்கே பிதுங்குவதற்கு ஒன்றும் இல்லை. பாழாய்ப்போனது எனக்கு ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே. குனிகிற இடம். முப்பது வருசத்தில் நான் எதை அதிகம் செய்திருக்கிறேன் என்று அதற்கு மேல் யாரும் சொல்லத் தேவையில்லை.

இந்த ஜவ்வைப் பற்றி அந்தப் பெண் சொன்ன இன்னொரு சேதி எனக்குப் பிடித்திருந்தது. வயசு வந்தபின் அதன் நடுப்பகுதிக்கு நேரடி ரத்த ஓட்டம் இல்லை. மேலும் கீழும் இருக்கிற எலும்பிலிருந்து கசிவதை உறிஞ்சித்தான் பிழைக்கிறது. கடன் வாங்கியே காலம் தள்ளுகிற உறுப்பு. பகலெல்லாம் பாரம் தாங்கித் தண்ணீரை இழக்கும், ராத்திரி படுத்தால் மறுபடி ஊறிக்கொள்ளும். அதனால் காலையில் இருக்கிற உயரம் சாயங்காலம் இருக்காது. ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் குறைந்துவிடும். இதைக் கேட்டதும் ஓவர்லாக் அக்கா தலையணை ஓட்டைக்குள்ளிருந்து சொன்னார்: "அதானுங் பாப்பா, பொழுது உழுந்தா சீலை தரையைக் கூட்டுது."

எல்லோரிடமும் ஒரு பை இருக்கும். மஞ்சப்பையோ, ஜவுளிக்கடைப் பையோ. உள்ளே எம்.ஆர்.ஐ. படம். ஸ்கேன் எடுத்த செலவுக்குக் கண்ணால் பார்க்கக் கிடைத்த ஒரே பொருள் என்பதாலோ என்னவோ, மடங்காமல் குழந்தை மாதிரி தூக்கி வருகிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் ரிப்போர்ட்டை எடுத்து அடுத்தவரோடு ஒப்பிடுவார்கள். "உங்களுக்கு எத்தனை எடத்துல?" "ரெண்டு." "எனக்கு மூணு." சொல்கிறவர் குரலில் ஒரு சின்னப் பெருமை கூட உண்டு. 1994-ல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை இப்படிப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓரிடத்தில் ஜவ்வு பிதுங்கியிருந்தது. வலி இல்லாமல், பிதுக்கம் இருப்பதே தெரியாமல், அவர்கள் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குப் பாதி ஆறுதல், பாதி எரிச்சல். படத்தில் இருப்பதெல்லாம் வலி இல்லை, சரி. அப்படியென்றால் என் வலி எங்கே இருக்கிறது?

இந்தக் கயிற்று இழுவைக்கே பெரிய ஆதாரம் கிடையாது என்பதும் படித்ததுதான். இடுப்பு வலிக்கு இழுவை வைத்த 32 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2013-ல் காக்ரேன் குழு பார்த்தது. பெரிய பயன் தெரியவில்லை என்றது. கழுத்துக்கும் அப்படியொன்றும் உறுதியான சாட்சி இல்லை. பின்னே எதற்கு நீ வரி கட்டுகிற மாதிரி தினம் போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். அந்த 15 நிமிடம் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு தாயும் மகனும் வருவார்கள். பையன் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தபடி. மேஜை வாங்கவில்லை, கட்டிலில் சாய்ந்து மடியில் லேப்டாப் வைத்தே இரண்டு வருசம்.

"பத்துக்கு எத்தனை?"

"பத்துங்க" என்பார் அம்மா.

"அம்மா, மூணுதான்."

"ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுத்தது நீயா, நானா? நான்தான பாத்துட்டு உக்காந்திருந்தேன்? பத்துன்னே எழுதுங்க மேடம்."

பெண் 3 என்று எழுதிவிட்டு, யோசித்து, பக்கத்தில் சின்னதாக 10 என்றும் எழுதினாள். கட்டு விவகாரத்துக்குப் பிறகு அவள் எழுதுகிற விதம் மாறிவிட்டது.

டவுன் பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். புதிதாக வருகிற இடுப்புக்காரர்களிடமெல்லாம் திரையை இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஒன்றுக்கு ரெண்டுக்குப் போவதில் ஏதாவது மாற்றம் உண்டா, உட்காருகிற இடம் மரத்துப்போகிறதா என்று கேட்பாள். டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இடுப்பு வலின்னு வந்தா என்னம்மா கேள்வி இது?" அவளும் விடவில்லை. "அப்படி ஏதும் வந்தா இங்க வராதீங்கண்ணே. ராத்திரி ரெண்டு மணியானாலும் நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க. விடியட்டும்னு இருந்தா நரம்பு திரும்பாது" என்றாள். திரைக்குள் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் "இல்லம்மா, அதெல்லாம் சரியா இருக்குது" என்று பணிந்த குரல்.

அவளுக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கச் சொன்னால், வலிக்கிற இடுப்பை இப்படி வளைக்கலாமா என்று எல்லோரும் பயப்படுவார்கள். அப்போது எடுத்துவிடுவாள். 1956, நியூசிலாந்து, வெல்லிங்டன். ராபின் மெக்கன்சி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். கால் வரை வலி இறங்கிய ஓர் ஆளை உள்ளே போய்க் குப்புறப் படு என்று சொல்லி அனுப்பினார். முன்னால் வந்தவருக்காகக் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி வைத்திருந்ததை யாரும் இறக்கவில்லை. அந்த மனுசன் அப்படியே வில்லாய் வளைந்து கிடந்தார். மெக்கன்சி வந்து பார்த்துப் பதறினால், "வாரக்கணக்கில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை, கால் வலி போய்விட்டது" என்றாராம். "எல்லாருக்கும் இது ஒத்துக்கிடாது. ஒங்களுக்கு ஒத்துக்கிடுதான்னு பாப்போம்" என்று முடிப்பாள். கட்டில் மறதியால் வந்த வைத்தியம் என்பதில் நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை பிறந்துவிடும்.

எங்கள் ஊரில் என் அப்பாவுக்கு இடுப்புப் பிடித்தால் ஒரு பெரியம்மாவைக் கூட்டி வருவார்கள். பிறக்கும்போது கால் முன்னே வரப் பிறந்தவர். அப்பாவைத் திண்ணையில் குப்புறப் போட்டு, இடது காலால் மூன்று தடவை நீவிவிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போவார். கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. இடுப்பிலிருந்து காலுக்கு ஓடுகிற வலிக்குப் பிதுங்கிய ஜவ்வு காரணமாக இருக்கலாம் என்று பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும் எழுதிக் காட்டியதே 1934-ல்தான். அதற்குள் அப்பத்தா 'வாயு' என்று சொல்லிப் பல காலம் ஆகிவிட்டது. பெரியம்மா காலால் தீராதபோது அப்பாவை டவுனுக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று வாரம் பலகையில் படு என்றார்கள். எழுந்தபோது நடக்கவே மறந்திருந்தார். 1986-ல் அமெரிக்காவில் இரண்டு நாள் படுக்கச் சொன்னவர்களையும் ஏழு நாள் படுக்கச் சொன்னவர்களையும் ஒப்பிட்டார்கள். வலி தீர்ந்ததில் வித்தியாசமில்லை. இரண்டு நாள்காரர்கள் சீக்கிரம் வேலைக்குப் போனார்கள், அவ்வளவுதான். அந்தச் சேதி எங்கள் ஊர்ப் பலகைக்கு வந்துசேர ரொம்ப நாள் பிடித்தது.

மூன்றாவது கட்டில்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோடுமேன். வயது நாற்பத்தைந்து இருக்கும், தோளில் காய்ப்பு. கட்டிலில் உட்கார்ந்ததும் 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். சட்டைக்குள்ளே கட்டியிருக்கும் இடுப்பு பெல்ட்டைப் பிரிக்கிற சத்தம். எல்லோரும் பெல்ட்டைச் சட்டைக்கு மேலேதான் கட்டுவார்கள், அது சுலபம். இவர் உள்ளே கட்டி, அதன் மேல் பனியன், அதன் மேல் சட்டை.

"மேஸ்திரி பாத்தா கூப்பட மாட்டாருங் அம்மிணி."

"வலி பத்துக்கு எத்தனைண்ணே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தரையோட எறக்கற லோடுன்னா தெரியறதில்லீங். மொத மாடி வரைக்கும் சமாளிச்சுருவேன். ரெண்டாவது மாடிக்கு மூட்டை கொண்டுபோயிட்டு எறங்கறப்ப, காலு எங்க வெக்கறோம்னு தெரியாதுங்."

சிமெண்ட் மூட்டை 50 கிலோ. பெண் அட்டையைப் பார்த்தாள். எண் எழுதுகிற கட்டத்தில் '2-வது மாடி' என்று எழுதினாள். கண்ணாடியில் அதைப் பார்த்தேன். எழுத்து இடம்வலம் மாறித்தான் தெரிந்தது, இருந்தாலும் படிக்க முடிந்தது.

அவருக்குத் தும்மல்தான் எதிரி. தும்மல் வருகிற மாதிரி இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொள்வார். முழங்காலை லேசாக மடித்து, கண்ணை மூடி, வரட்டும் என்று நிற்பார். சில நேரம் வராமல் போய்விடும். அப்போதும் உடனே நகர மாட்டார். ஏமாற்றிவிட்டுத் திரும்பி வந்தாலும் வரும் என்று இன்னும் கொஞ்ச நேரம் சுவரோடு நிற்பார். தெருவில் நடக்கும்போது வந்தால் என்ன செய்வீர்கள் என்று டிரைவர் கேட்டார். "கரெண்டுக் கம்பம் பாத்துட்டே நடப்பனுங்" என்றார்.

ஒரு நாள் செருப்பு கழன்றது தெரியாமல் இரண்டு கடை தாண்டிப் போய்விட்டதைச் சொன்னார். யாரோ பின்னால் கூப்பிட்டு எடுத்துக் கொடுத்தார்களாம். சிரிப்பாகத்தான் சொன்னார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவர் கால் கட்டைவிரலைத் தன் விரலால் கீழே அழுத்திக்கொண்டு, "மேல தூக்குங்க, விடாதீங்க" என்றாள். வலது தூக்கியது. இடது தூக்கியது, ஆனால் கொஞ்சம் தாமதமாக. இரண்டு மூன்று தடவை செய்யவைத்தாள். அன்றே டாக்டருக்கு போன் போட்டாள். ஆபரேஷன் உடனே வேண்டாம், ஆறு வாரம் பார்ப்போம், விரல் இன்னும் சோர்ந்தால் அன்றே வரவேண்டும், மூட்டை கூடாது என்று பதில் வந்தது. பெரும்பாலும் பிதுங்கினது தானாகவே சுருங்கிவிடும் என்று அவளும் சொன்னாள். அவர் காதில் விழுந்தது டாக்டர் சொன்ன கடைசி இரண்டு வார்த்தைதான்.

"மூட்டை கூடாதுன்னா வேற என்னங் பண்றது?"

அவள் பதில் சொல்லவில்லை. தரையில் கிடந்த ஒத்தடப் பையைக் காட்டி, எதையாவது தூக்கத்தான் வேண்டுமென்றால் எப்படித் தூக்க வேண்டும் என்று செய்துகாட்டினாள். காலை அகட்டி, முழங்காலை மடக்கி, பொருளை நெஞ்சோடு அணைத்து, தொடையால் எழ வேண்டும். இடுப்பால் குனியக் கூடாது, தூக்கியபடி திருகக் கூடாது. அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். இருபத்தைந்து வருசம் மூட்டை தூக்கியவருக்கு ஒரு சின்னப்பெண் தூக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். சரிங் அம்மிணி, சரிங் அம்மிணி என்று கேட்டுக்கொண்டார். ஒரு தடவையும் செய்துபார்க்கவில்லை.

பத்தாம் நாள் சனிக்கிழமை. சம்பள நாளானதால் தெருவில் கூட்டம். ஓவர்லாக் அக்கா வரவில்லை. வேறு கம்பெனியில் செக்கிங் வேலைக்குக் கேட்டிருக்கிறார், சம்பளம் குறைவு, நின்றுகொண்டே செய்யலாம் என்று பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். என் அட்டையை மூடும்போது பெண் கேட்டாள், "சார், கடைசியா சொல்லுங்க. பத்துக்கு எத்தனை?" பட்டை இல்லை, வாய் சும்மாதான் இருந்தது. "இன்னிக்கு டம்ளர் விழலம்மா" என்றேன். அதையே எழுதிக்கொண்டாள். நான் கழுத்துக் காலரை மாட்டிக்கொண்டு 21 படி இறங்கினேன். பாதிப் படியில் கால் செருப்பைச் சரிசெய்ய நின்றபோது உடம்போடு திரும்பி மேலே பார்க்க நேர்ந்தது. கதவு நிலையில் சாய்ந்து, முஷ்டியை இடுப்புக்குப் பின்னால் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அடுத்த ஆள் படியேறும் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டாள்.

எதிரே டீக்கடை. காலர் போட்டவன் டீ குடிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. கழுத்தை அண்ணாத்த முடியாது. கிளாஸின் அடியில் ஒரு வாய் மிஞ்சிவிடும். உறிஞ்சிப் பார்க்கலாம், நாக்கை நீட்டிப் பார்க்கலாம், வராது. டீ மாஸ்டருக்கு அது பழகிவிட்டது. மிச்சம் வைத்த கிளாஸைப் பார்த்தால் "டீ நல்லால்லீங்களா?" என்று என்னிடம் மட்டும் கேட்பதில்லை.

லோடுமேனும் இறங்கி வந்தார். சட்டையை இழுத்துவிட்டு, வேட்டியைச் சரிசெய்து, ஒரு நோவும் இல்லாத ஆள் மாதிரி தெருவோரம் நின்றார். உள்ளே பெல்ட் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் ஒரு பாட்டி தக்காளிக் கூடையைக் கீழே இறக்கி வைத்து ஏதோ சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து, சேலைத் துணியைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, தூக்கிவிட ஆள் தேடினார். கண் முதலில் என்மேல் விழுந்தது. காலரைப் பார்த்ததும் அங்கிருந்து நகர்ந்து, அகலமான தோளும் வெள்ளைச் சட்டையுமாக நின்றவரிடம் போய் நின்றது.

"ஏனுங் தம்பி, இதைக் கொஞ்சம் தூக்கி உடறீங்களா?"

அவர் கூடையைப் பார்த்தார். பாட்டியைப் பார்த்தார். மாடிப் படியை ஒரு தடவை பார்த்தார். பிறகு காலை அகட்டி வைத்தார். குனியவில்லை; முழங்காலை மடக்கி, நாற்காலியில் உட்காருகிறவர் மாதிரி இறங்கினார். கூடையை இழுத்து நெஞ்சோடு அணைத்தார். சட்டையெல்லாம் தக்காளி மண். தொடையால் எழுந்தார், மெதுவாக, ஒரே தடவையில். திருகாமல், ஒவ்வோர் அடியாகக் காலை மாற்றி வைத்துப் பாட்டிக்கு நேரே திரும்பி, கூடையைச் சும்மாட்டின்மேல் வைத்தார்.

"நல்லா இருப்பீங் சாமி" என்று பாட்டி நடந்துவிட்டார்.

அவர் அசையாமல் நின்றார். அப்புறம் நாலு அடி தள்ளியிருந்த கரெண்டுக் கம்பம் வரை போய், ஒரு கையை அதில் ஊன்றிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தெருவில் பஸ் வராது.